பிரிக்காத கட்டு

அண்ணா,

இன்று காலை என் மேசை மேல் ஒரு மக்கன் பேடா பெட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆற்காட்டில் பேருந்தை விட்டு இறங்கி நீங்கள் வாங்குவீர்களே, அதே மாதிரி அட்டைப் பெட்டி. அடியில் நெய் ஊறி, மேலே ரப்பர் பேண்டு போட்டு. மூடியைத் திறக்கும் முன்பே பாகும் ஏலக்காயும் மணத்தன. என் கை தானாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டது. தரை விரிப்பில் உட்காரும் முன் நீங்கள் பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொள்வீர்கள், அதற்காக. போட்ட பிறகுதான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது.

கொண்டுவந்தவள் உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் பெண். வேலூர்க் கடையில் பட்டுக் கொள்முதல் இனி அவள் பொறுப்பு. காஞ்சிபுரத்துக்கு முதல் தடவையாக வருகிறாள். "அண்ணா எப்பவும் இத வாங்கினு வருவாருன்னு கடையில சொன்னாங்கக்கா. அதான் நானும் எறங்கி வாங்கினு வந்தேன்" என்றாள். அவளுக்காக மாடியில் மூன்று கட்டு புடவை தயாராக இருக்கிறது. என்னால் உடனே மாடி ஏற முடியவில்லை. "போய் டிபன் சாப்பிட்டு வாம்மா, பொறுமையா பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவள் திரும்பி வருவதற்குள் உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியது.

விற்கிறவர் வாங்குகிறவருக்கு இனிப்பு கொடுப்பதுதான் வழக்கம். உங்களிடம் அது தலைகீழ். "வாங்க வர்றவனே ஸ்வீட்டோட வர்ற ஒரே எடம் இதாம்மா" என்று நீங்களே கேலி செய்வீர்கள். ஆனால் எங்கள் காப்பியைத் தொட மாட்டீர்கள். "ஆர்டர் முடியற வரைக்கும் பச்சத்தண்ணி கூட வேணாம். உங்க காப்பி உள்ள போய்ட்டா வெலையப் பேச வாய் வராது." கடைசிப் புடவையை ஒதுக்கி வைத்த பிறகுதான், "இப்ப கொண்டாரச் சொல்லு, ரெண்டா" என்பீர்கள். காஞ்சிபுரம் இட்லியை மட்டும் கடைசிவரை நீங்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. மிளகும் சுக்கும் போட்டால் அது நாஸ்டா இல்லையாம், வைத்தியமாம்.

முதன்முதலில் உங்கள் முன்னால் புடவை விரித்தபோது நான் அந்த இடத்துக்கே புதிது. வெளியூர்க் கடைகளைக் கவனித்துவந்தவர் திடீரென்று வேலையை விட்டுவிட்டார். அதுவரை கம்ப்யூட்டரில் பில் அடித்துக்கொண்டிருந்த என்னை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். ஏனாத்தூரில் பி.காம். படித்தவள் என்பதைத் தவிர எனக்குத் தகுதி ஏதும் இல்லை. அதற்கு முன் வந்த இரண்டு கடைக்காரர்களும் விரிப்பில் உட்கார்ந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீ எந்தத் தெரும்மா?" என்பதுதான். எந்த வீட்டுப் பெண் என்று தெரிந்துகொள்ளக் கேட்பது. முசரவாக்கம் என்று சொன்னதும் அடுத்து என்ன கேட்கலாம் என்று யோசிப்பார்கள். என் அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள். எங்கள் ஆட்கள் பட்டுக் கடைக்குள் போனதெல்லாம் பெருக்கித் துடைக்கத்தான். நீங்களும் கேட்டீர்கள். முசரவாக்கம் என்றேன். "அப்ப சாயந்தரம் பஸ்ஸு சிரமமாச்சேம்மா. ஜல்தி எடு, முடிச்சுக்கலாம்" என்றீர்கள். அவ்வளவுதான். அன்றிலிருந்து பதினொரு வருடம் நமக்குள் அந்தப் பேச்சே வரவில்லை.

உங்களை நல்லவர் என்று மட்டும் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். வம்பு பிடித்த ஆள் நீங்கள். இந்தத் தொழிலில் வெளியூர்க் கடைகளைப் பார்ட்டி என்றுதான் சொல்வோம். நான் ஒரு நாள் போனில் யாரிடமோ "வேலூர் பார்ட்டி வந்திருக்காங்க" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, "இன்னாம்மா பார்ட்டி? ரெண்டு பேரும் கூட்டணியா பேசினுகீறோம்?" என்று மடக்கினீர்கள். நாவல்பழ நிறம் கேட்பீர்கள், காட்டினால் இது பழுத்தது, எனக்குப் பழுக்காதது வேண்டும் என்பீர்கள். ட்யூப்லைட்டில் எந்தப் புடவையையும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். முட்டி வலியோடு மொட்டை மாடி ஏறி, பத்து மணி வெயிலில் பிரித்துப் பார்ப்பீர்கள். ஒரு தடவை விலைச் சண்டையில் என் போனை இரண்டு வாரம் எடுக்கவே இல்லை. மூன்றாவது வாரம் எதுவுமே நடக்காத மாதிரி பேடாவோடு வந்து நின்றீர்கள். நானும் எதுவும் கேட்கவில்லை.

கட்டுகளைப் பற்றிய அந்த விஷயம் எப்படித் தொடங்கியது என்று உங்களுக்கு நினைவிருக்கும். பத்துப் பத்துப் புடவையாகத் துணியில் கட்டி, உள்ளே ஒரு சீட்டு வைத்து, சரிபார்த்தவர் அதில் கையெழுத்துப் போட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். பழுது என்று திருப்பி அனுப்பினாலும் அந்தச் சீட்டும் கூடவே வர வேண்டும். சீட்டு இல்லாவிட்டால் எங்கள் கடை எதையும் திரும்ப எடுக்காது. இரண்டாம் வருடம் உங்களுக்கு அனுப்பிய மூன்றாவது கட்டில் ஒரு அரக்குப் புடவை. அதன் உள்மடிப்பில் தறியிலிருந்து சொட்டிய எண்ணெய் ஒரு மிளகு அளவுக்கு இருந்ததை நெய்தவரே மறுநாள் வந்து சொன்னார். நான் உங்களுக்குப் போன் செய்தேன். "அந்த அரக்கை விக்காதீங்கண்ணா, திருப்பி அனுப்புங்க, வேற தர்றேன்."

"நான் பாத்திருக்கவே மாட்டேனேம்மா. நீயா ஏன் சொன்ன?" என்றீர்கள்.

"இன்னொரு நாளு நீங்களா பாத்தீங்கன்னா, அப்புறம் எங்கிட்ட வருவீங்களா?"

"உஷாரான ஆளும்மா நீ" என்று சிரித்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் முதல் கட்டை மட்டும்தான் பிரித்தீர்கள். மற்றவை கட்டியபடியே உங்கள் கடை அலமாரிக்குப் போயின. "முதல் கட்டு உனக்கு மரியாதை. மத்ததுக்கு உன் கையெழுத்து போதும்." வேலூர்க் கடையில் வேறு எந்த ஊர்ச் சரக்குக்கும் அந்தச் சலுகை கிடையாது என்று பார்சல் ஆபீஸ்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு அதில் என்ன பெருமை என்று புரியவில்லை. எனக்கு மட்டும் தரையில் கால் பாவவில்லை.

எங்கள் பெரிய முதலாளி ஒரு சமயம் வெளியூர்ப் பேச்சுவார்த்தைக்கு ஓர் ஆண் ஆளைப் போட நினைத்தார். அந்தம்மா இருந்தால்தான் வருவேன் என்று நீங்கள் சொன்னீர்களாம். என்னிடம் அதை நீங்கள் சொல்லவே இல்லை. கணக்குப்பிள்ளை சொன்னார்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாததற்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் பெரிய முதலாளியின் மகன், எங்கள் சின்ன முதலாளி, சென்னையில் படிப்பை முடித்து வந்தார். தங்கமான பையன், சொல்லக் கூடாது. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வந்த வேகத்தில் கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர்களுக்காக ஒரு சாப்ட்வேர் வாங்கிப் போட்டார். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பக்கம். யார் முடிவெடுப்பது, எந்த மாதம் ஆர்டர் வரும், எதற்குக் கோபப்படுவார், எதற்கு மசிவார், எல்லாம் அதில் ஏற வேண்டும். "அக்கா, கஸ்டமர்ஸ் எல்லாம் உங்க மண்டைக்குள்ள இருக்காங்க. நாளைக்கே நீங்க வேலைய விட்டுப் போய்ட்டா கம்பெனிக்கு இன்னா மிச்சம்? ரிலேஷன்ஷிப்னா அது கம்பெனியோடதா இருக்கணும்" என்றார். அதில் தப்பு சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை. என் பெயருக்குக் கீழே வாடிக்கையாளர் உறவு மேலாளர் என்று போட்டு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார். அந்தக் கார்டை முகர்ந்து பார்த்தேன் அண்ணா, குழந்தை மாதிரி.

மூன்று வாரம் உட்கார்ந்து அடித்தேன். சேலத்துக்காரரைப் புகழ்ந்தால் ஐந்து புடவை கூட எடுப்பார் என்று எழுதினேன். நெல்லூர்க்காரர் மனைவியோடு வந்தால் மனைவியிடம்தான் பேச வேண்டும் என்று எழுதினேன். உங்கள் பக்கம் வந்தபோது எனக்குக் கை ஓயவில்லை. மற்ற எவரையும்விட உங்களை எனக்குத் தெரியும் என்று காட்ட வேண்டும் என்கிற ஆசை. பேடா, முட்டி வலி, மொட்டை மாடி, காப்பி, இரண்டு வாரக் கோபம் எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில் இதையும்: 'முதல் கட்டை மட்டும் பிரித்துப் பார்ப்பார். மற்றவற்றைப் பிரிப்பதில்லை. நம் மேல் நம்பிக்கை அதிகம்.'

சின்ன முதலாளி அதைப் படித்துவிட்டு, "சூப்பர்க்கா, இதுதான் வேணும்" என்றார். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் நட்சத்திரம் வைத்தார். எனக்கு அது பாராட்டாகத் தெரிந்தது. உங்கள் சட்டைப் பையைத் தடவி என்ன இருக்கிறது என்று அடுத்தவனுக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறேன் என்று அப்போது ஏன் தெரியவில்லை என்று கேட்காதீர்கள். தெரியவில்லை.

போன ஆவணி. முகூர்த்தங்கள் நெருங்கிவிட்டன. நீங்கள் கேட்டிருந்தது முப்பது கோர்வைப் புடவை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் வைத்து, இரண்டும் சேரும் கோட்டில் நூலோடு நூலைக் கோத்து நெய்வதைத்தான் கோர்வை என்கிறோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது இல்லாத முகூர்த்தப் புடவையை உங்கள் கடை விற்றதே இல்லை. தறியிலிருந்து எங்களுக்கு வந்ததோ இருபத்திரண்டுதான். மீதி எட்டை சின்ன முதலாளி வெளியில் எங்கோ வாங்கினார். விசைத்தறிச் சரக்கு. முன்பக்கம் பார்த்தால் பழகிய கண்ணுக்கே சட்டென்று தெரியாது. பின்பக்கம் திருப்பி விரலை ஓட்டினால் கோர்வை இல்லை என்று தெரிந்துவிடும். நான் ஓட்டினேன். தெரிந்தது.

பார்சல் வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது. "தம்பி, இது அவருக்குப் போகக் கூடாதுப்பா" என்றேன். சத்தியமாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ரெண்டாவது கட்டுலயும் மூணாவது கட்டுலயும் நாலு நாலா வச்சிடலாங்க்கா. அவரு பிரிக்க மாட்டாருன்னு நீங்கதானே எழுதிக்கீறீங்க. இந்த ஒரு தடவைதான். அடுத்த வாட்டி காம்பன்சேட் பண்ணிடலாம். இப்ப இல்லன்னா பார்ட்டி கைவிட்டுப் போய்டும், அப்புறம் நீங்க யாருக்கு மேனேஜரு?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பேனாவையும் அவரே கொடுத்தார்.

போட்டேன். இரண்டு சீட்டிலும். என் கையெழுத்தின் வால் எப்போதும் மேலே ஏறும், 'நாய் வாலு' என்று கேலி செய்வீர்களே, அந்த வாலோடுதான் போட்டேன்.

அடுத்து நடந்ததைப் பார்சல் ஆபீஸ்காரர்தான் எனக்குச் சொன்னார், கதை மாதிரி. கல்யாணப் பெண்ணின் அத்தை ஒருத்தி, ஆரணிக்காரி, புடவையை வாங்கிய வேகத்தில் திருப்பி விரலை ஓட்டினாளாம். "இது கோர்வை இல்லியே" என்றாளாம். கடை நிறையக் கூட்டம். நீங்கள் விரித்துக்கூடப் பார்க்காமல், "எங்க கடையில கோர்வை இல்லாத முகூர்த்தப் பொடவை இருந்தா நான் மீசைய எடுத்துடறேன்" என்று சபையில் சொன்னீர்களாம். பிறகு விரித்தீர்கள். மறுநாள் மீசை இல்லாமல்தான் கடைக்கு வந்தீர்களாம். அவர் அதைச் சிரிப்பு என்று நினைத்துச் சொன்னார்.

உங்கள் முதலாளி எங்களுக்குப் போன் செய்து சத்தம் போட்டார். சின்ன முதலாளி நிதானமாக, "சீட்டைக் காட்டுங்க சார், எங்க கட்டுதான்னா திருப்பி எடுத்துக்கறோம்" என்றார். மற்றக் கட்டுகளின் சீட்டெல்லாம் உங்கள் கோப்பில் இருந்தன. அந்த இரண்டு மட்டும் இல்லை. தொலைத்துவிட்டேன் என்று நீங்கள் சொன்னீர்களாம். எனக்கு அதைக் கேட்டதும் என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. அதை எழுத இப்போது கூசுகிறது. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

சீட்டு இல்லை. பிரித்துப் பார்க்காமல் உள்ளே வைத்தது நீங்கள். பழி முழுக்க உங்கள் தலையில் விழுந்தது. இருபது வருடத்துக்கு மேல் பட்டு வாங்கியவரை மூன்றாம் மாடியில் நைட்டிப் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து நீங்கள் கூப்பிட்டீர்கள். காலை கடை திறந்த நேரம். பின்னால் யாரோ அளவு கேட்டுக்கொண்டிருந்தது.

"நைட்டிக்குக் கோர்வை கெடையாதும்மா. ரொம்ப நிம்மதியா இருக்குது" என்றீர்கள். நான் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. கொஞ்ச நேரம் முட்டியைப் பற்றிப் பேசினீர்கள், அங்கே லிப்ட் இல்லாததைப் பற்றிப் பேசினீர்கள். பிறகு குரலை இறக்கி, "ஒரே ஒரு கேள்வி. அந்தக் கட்டு நீ கட்டுனதா?" என்றீர்கள்.

"இல்லண்ணா. அன்னிக்கு நான் லீவுல இருந்தேன்."

எவ்வளவு சுலபமாக வந்தது. யோசிக்கக்கூட இல்லை.

"சைன் இருந்துச்சேம்மா?"

"எனக்குத் தெரியாதுண்ணா. யாராவது போட்டிருப்பாங்க."

நீங்கள் ஒரு மூச்சு விட்டீர்கள். பிறகு, "அதானே" என்றீர்கள். "நானும் மொதலாளிகிட்ட அப்டித்தான் சொன்னேன். சரி, வேலையப் பாரு."

அதற்குப் பிறகு நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் நான் பாதி நேரம் எடுக்கவில்லை. எடுத்தாலும் ஆள் இருக்கிறார்கள், பிறகு பேசுகிறேன் என்பேன். வைகாசியில் கருட சேவைக்கு வருகிறேன், உன் அம்மாவையும் பார்க்கிறேன் என்று ஒரு தடவை சொன்னீர்கள். வாங்கண்ணா என்று வாய்தான் சொன்னது. பங்குனியில் ஒரு நாள் நைட்டிப் பிரிவு மாடிப்படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அந்த மூன்றாம் மாடிக்கு உங்களை ஏற வைத்தவள் நான்தான் அண்ணா.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வேலூர் வந்தேன். படத்தில் மீசையோடு இருந்தீர்கள். பழைய படம். அண்ணி என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உள்அறைக்குக் கூட்டிப்போனார்கள். என்னை யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. "காஞ்சிபுரத்துப் பொண்ணுதானே?" என்றார்கள்.

கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அந்தச் சீட்டு தொலையல" என்றார்கள்.

அண்ணி பிடித்திருந்த கையை நான் இழுத்துக்கொண்டேன்.

"சட்டைப் பையில வச்சி வீட்டுக்கு எடுத்தாந்தாரு. ரெண்டையும் திருப்பித் திருப்பிப் பாத்துக்கினே இருந்தாரு. அந்தப் பொண்ணு கையெழுத்துதான்டி இதுன்னாரு. சீட்டக் குடுத்தா அங்க இருக்கிறவங்க அவமேல பழியப் போட்டு வேலைய வுட்டு அனுப்பிடுவாங்க, அந்த ஊருல அவளுக்கு வேற எவனும் இந்த வேல குடுக்க மாட்டான்னாரு. அப்புறம் வாசல்ல ஒக்காந்து கொளுத்திட்டாரு. ஏன்யா உனுக்கு இந்த வேலைன்னு நான் கத்துனேன். கம்முனு இருடி, நான் அவளையே கேக்கப்போறேன், எண்ணெய்ப் பொட்டையே சொன்னவ, இதையும் அவளே சொல்லுவா, சொல்லிட்டான்னா எனக்குப் போதும்னாரு."

அண்ணி என் முகத்தையே பார்த்தார்கள். "கேட்டாராம்மா?"

"கேட்டாரு அண்ணி."

"நீங்க சொல்லிட்டீங்கதானே?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.

"போதும்மா" என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "அவருக்கு மனசு ஆறியிருக்கும்." எனக்கு இலை போட்டுத் தன் கையால் பரிமாறினார்கள். நான் சாப்பிட்டேன். எழுந்து ஓடியிருக்கலாம், வாந்தி எடுத்திருக்கலாம், எதையும் செய்யவில்லை. பாயசம்கூட வாங்கிக் குடித்தேன்.

இப்போது புரிகிறதா அண்ணா, எனக்கு ஏன் உங்கள் நாற்காலியைப் பார்க்க முடியவில்லை என்று? நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டபோது சீட்டு சாம்பலாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. உங்களுக்கு விடை தேவைப்படவில்லை. என் வாயால் வர வேண்டும் என்றுதான் இருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது நானும் சொல்கிறேன். கும்பலோடு சொல்வது சுலபம். யாரும் என்ன பாவம் என்று கேட்பதில்லை.

வாசல் படி ஏறும் சத்தம் கேட்கிறது. அவள் வந்துவிட்டாள். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

இப்போது சாயங்காலம். அவள் புறப்பட்டுப் போய்விட்டாள். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மூன்று கட்டும் விரிப்பில் இருந்தன. அவள் முதல் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்த்தாள். நல்ல கண். பின்பக்கம் திருப்பி விரலை ஓட்டினாள். பத்தும் சரி. கை துடைத்துக்கொண்டு, "மத்த ரெண்டையும் அப்டியே பார்சல் போட்டுடுங்கக்கா" என்றாள்.

"பிரிச்சுப் பார்க்கலியாம்மா?"

"வேணாங்க்கா. அண்ணா சொல்லிக்கீறாரு. அவரு போறதுக்குப் பத்து நாளு முன்னாடி என்னை மேல நைட்டி செக்ஷனுக்குக் கூப்ட்டு, எந்தெந்த ஊருல எப்டி வாங்கணும்னு எல்லாம் சொன்னாரு. எல்லா ஊரு சரக்கையும் நூலு நூலா பிரிச்சுப் பாரு. காஞ்சிபுரத்துல அந்தக்கா கையெழுத்து இருந்தா மட்டும் மொதல் கட்டோட நிறுத்திக்கன்னாரு."

பத்து நாள் முன்னால். நான் பொய் சொல்லி ஆறு மாதத்துக்கும் மேல் ஆன பிறகு.

எனக்கு அப்போது வந்தது அழுகை இல்லை அண்ணா, கோபம். உங்கள் மேல். இப்படியா ஒருவரை விட்டுவிட்டுப் போவது? திட்டியிருக்கலாம். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். அந்தப் பெண்ணிடம் உஷாராக இரு என்றாவது சொல்லியிருக்கலாம். எதையும் செய்யாமல், தகுதி இல்லாதவள் கையில் அதையே மறுபடி வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

அவளை உட்காரச் சொன்னேன். சொன்னேன். நட்சத்திரம் வைத்த வரி, எட்டுப் புடவை, பேனா, லீவில் இருந்தேன் என்றது, அண்ணியிடம் தலையாட்டியது வரை. சின்ன முதலாளி பக்கத்து அறையில்தான் இருந்தார். குரலைத் தாழ்த்தவில்லை. கேட்டிருப்பார். நாளைக்கு எனக்கு இங்கே வேலை இருக்குமா தெரியாது.

நான் முடித்த பிறகு, "அண்ணாவுக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுக்கினேவா எங்கிட்ட அப்டி சொன்னாரு?"

"ஆமாம்மா."

அவள் இரண்டாவது கட்டின் முடிச்சில் கை வைத்தாள். "இப்ப நான் இன்னாக்கா பண்றது? பிரிக்கிறதா, வேணாமா?"

"பிரி" என்றேன்.

பிரித்தாள். இருபது புடவையையும். ஒவ்வொன்றையும் திருப்பி, கரை சேரும் கோட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலை ஓட்டினாள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. இருந்தும் ஒவ்வொரு தடவை அவள் புடவையைத் திருப்பும்போதும் எனக்கு உடம்பு சுருங்கியது. முடித்ததும் மடித்துக் கட்டினாள். கோபமாக இல்லை, சிநேகமாகவும் இல்லை. மற்ற ஊர்க்காரர்களிடம் எப்படியோ அப்படி. "வரேங்க்கா" என்று கிளம்பிவிட்டாள். இனி ஒவ்வொரு தடவையும் பிரிப்பாள். அதுதான் நியாயம்.

வரும் வியாழக்கிழமை வேலூர் போகிறேன். அண்ணியிடம் அன்று தலையை ஆட்டினேனே, அது பொய் என்று சொல்ல வேண்டும். சொல்லாமலே இருந்துவிடலாம் என்றும் ஒரு மனசு சொல்கிறது. அவர் மனசு ஆறித்தான் போனார் என்று அண்ணி நம்பிக்கொண்டிருக்கிறார்கள், அதையும் பிடுங்க நீ யார் என்று கேட்கிறது. அந்த மனசுதான் அன்று லீவு என்றும் சொன்னது. அதனால் அதன் பேச்சைக் கேட்கப் போவதில்லை.

ஆனால் அண்ணா, அண்ணி மறுபடி என்னை உள்ளே கூப்பிட்டாலும் சரி, வாசலோடு போகச் சொன்னாலும் சரி, ஒன்று என்னோடுதான் இருக்கப் போகிறது. அன்று போனில் "அதானே" என்றீர்களே. தினமும் அதைத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன். அதில் எங்காவது ஒரு துளி கோபம் இருந்ததா, ஒரு கசப்பு, ஒரு கேலியாவது இருந்ததா என்று தேடுகிறேன். இருந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும். இல்லை. எண்ணெய்ப் பொட்டைச் சொன்ன அன்று எந்தக் குரலில் பேசினீர்களோ, அதே குரலில்தான் சொன்னீர்கள்.